மாமா போட்ட கையெழுத்து

நவ்ரீன்,

நீ காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போயிருப்பதால் எழுதி வைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நடக்கப்போகும் அந்த வளரிளம் பருவ வகுப்புக்கு அமான் போகலாம். சம்மதச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. "கட பூரா ஜட்டி பனியன் விக்கிறீங்க, வூட்ல மட்டும் ஒடம்பப் பத்திப் பேசக்கூடாதா மாமா?" என்று நேற்று கேட்டாயே, அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நான் பண்டலாக விற்கிறேன், பேசி விற்பதில்லை.

இன்று விடியற்காலையில் பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் உன் மகன் அமான் கேட்கிறான்: "தாத்தா, இந்த வயசுல ஒடம்புல ஆவறதெல்லாம் வியாதின்னு தோஸ்துங்க சொல்றானுங்க. லாட்ஜுக்கு ஒரு வைத்தியர் வர்றாராம், இட்டுகினு போறேன்றானுங்க. போவட்டா?"

இந்த மஜீதின் வீட்டுப் பிள்ளை லாட்ஜ் வாசலில் நிற்பதா! "வியாதி இல்லடா" என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. டீச்சருக்கு வரும், அவர் சொல்லட்டும்.

நேற்று கோபத்தில் தொடாமல் விட்ட கறிக்குழம்பை மதியம் சுடவைத்துக் கடைக்கு அனுப்பு.

மாமா

பி.கு: உன் மகள் உஸ்மாவுக்கு வந்த சீட்டை எனக்குப் பயந்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாய். அதிலும் போட்டாயிற்று.