ஞாயிற்றுக்கிழமை மரக்கறி

13.11.86, வியாழன்

தூறல். சப்பாத்து ஒழுகுகிறது, சனியன்.

மதாமுக்காக இன்று இரண்டு பேட்டி. ஏழை நாடுகளில் ஒப்பரேசன் தேவைப்பட்டவர்களுக்கு அது கிடைத்ததா என்பது இந்தப் பிரெஞ்சு டொக்டர் மனிசியின் ஆராய்ச்சி. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களைப் பிடித்துக் கேட்டு ரேப் ரெக்கோடரில் பதிவது என் வேலை.

முதல் ஆள், குடலிறக்கம். மயக்கமருந்து இல்லையென்று திருப்பி அனுப்பினார்களாம். மற்றவரின் மனைவிக்குப் பிள்ளைப்பேறு. ஊரடங்கு, றோட்டில் மறிப்பு. "கார் நிண்ட இடத்திலையே முடிஞ்சுது தம்பி." மேலே கேட்க மனம் வரவில்லை. மதாம் ஏசுவா. ஏசட்டும்.

ஊரில் பள்ளிக்கூட ரீச்சராக இருக்கும் அக்காவுக்கும் இந்த மாதம்தான் பிள்ளைப்பேறு. முதல் பிள்ளையே வயிற்றைக் கீறி எடுத்தது. இதுவும் அப்படித்தானாம். எங்கள் ஊரில் அதற்கு வசதி இல்லை, யாழ்ப்பாணம் போகவேண்டும். முன்கூட்டியே கொண்டுபோய் வையுங்கோ என்று அத்தானுக்கு எழுதினேன். பதில் இல்லை. பயமாக இருக்கிறது.

14, வெள்ளி

மழை. லா சப்பல் தமிழ்ப் பலசரக்குக் கடையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், போன கிழமை வந்தவர். ரேப் ரெக்கோடரைப் போட்டேன். நன்றாகத்தான் கதைத்தார். திடீரென்று, "நீங்கள் ரீச்சரின்ரை தம்பியோ?"

ஓம் என்றேன்.

"இதை வேறை ஆரிட்டையும் கேளுங்கோ அண்ணை." வாங்கிய அரிசியையும் விட்டுவிட்டுப் போனார்.

எந்நேரமும் சிடுசிடுக்கும் கடை முதலாளி, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்கிறார். என்ன வந்தது இந்த மனிசனுக்கு?

15, சனி

ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவும் வேலை. கோப்பை, கோப்பை, கோப்பை. அறைக்கு வந்ததும் ராசன், நான் கேட்காமலே: "ஊருக்கு ரெலிபோன் லைன் இல்லையாம் அண்ணை." அறையில் கூட இருப்பவன். பொய் சொல்லத் தெரியாதவன்.

16, ஞாயிறு

எங்கள் அறையில் ஞாயிறு என்றால் ஆட்டிறைச்சி. வேலை முடிந்து வந்தால் வாசல் நிறையச் சப்பாத்து. திரான்சியில் இருக்கும் மாமாகூட வந்திருக்கிறார், ஞாயிறில் கட்டிலை விட்டு அசையாத மனிதர். அடுப்பில் பருப்பு, பூசணிக்காய்.

"இறைச்சி எங்கையடா?"

"இண்டைக்கு மரக்கறி அண்ணை."

ஒருவரும் முகம் பார்க்கவில்லை. மாமா தட்டை நீட்டினார். "முதல்லை சாப்பிடு. பிறகு கதைப்பம்."

ராசனின் அப்பா செத்தபோது அவனுக்கு நான்தான் மரக்கறிச் சோறு போட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னோம். அன்று நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கை கழுவப் போகிறேன் என்று இங்கே குளியலறைக்குள் வந்து கதவைப் பூட்டிக்கொண்டு எழுதுகிறேன். நான் சாப்பிடாதவரைக்கும் அக்கா இருக்கிறா.

ராசன் கதவைத் தட்டுகிறான்.

"அண்ணை, சோறு ஆறுது."