ஆறாவது துணி

மார்ச் 3, செவ்வாய்

ரோஜாக் கன்றுகளுக்கு மருந்து அடித்தேன். முதுகு விட்டுப்போச்சு. மலை மேல் இருக்கும் ஹோட்டலிலிருந்து மறுபடியும் நூறு தொட்டி கேட்டிருக்கிறார்கள். கேட்பதற்கென்ன, நம் சோம்பேறி ஏற வேண்டுமே.

சோம்பேறி என்பது எங்கள் பிக்கப் வண்டி. பேர் வைத்தது இவர். பின்னால் ட்ரெய்லரை மாட்டித் தொட்டிகளை ஏற்றி மலைப் பாதையில் விட்டால் மூன்றாவது வளைவிலேயே மூச்சு முட்டும். போன வாரம் ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திப் போனார். போனவர் சும்மா போகாமல் கையை வேறு ஆட்டினார்.

காலையில் வழக்கம்போல இவர் சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டேன். இவரும் வழக்கம்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் மட்டும் கூரையில் அப்படி என்னதான் தெரியுமோ.

மார்ச் 5, வியாழன்

தம்பி வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று செருப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னடா என்றேன்.

"மாமா அவரோட டூல்ஸ் பெட்டிய என்னை எடுத்துக்கச் சொல்றாருக்கா."

அந்தப் பெட்டியை நான் தூசி தட்டினால்கூட "எதையாவது இடம் மாத்துனியா?" என்று கேட்கிற மனிதர். கல்யாணமான நாளிலிருந்து இன்ஜின் வேலைதான் இவர் பார்த்தது. பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. கால் சரியாகிவிட்டது. பேச்சு ஒருநாள்கூட நிற்கவில்லை. அது கொஞ்சம் நின்றிருந்தால் வீடு அமைதியாக இருந்திருக்கும் என்று நானே கேலி செய்திருக்கிறேன். வலது கைதான் வரவில்லை. விரல்கள் மடங்குகின்றன, கட்டைவிரல் மட்டும் மற்றவற்றோடு சேரமாட்டேன் என்கிறது. ஒரு ஊசியைக்கூட எடுக்க முடியாது.

கைப் பயிற்சி கொடுக்கிற பெண் துணி கிளிப்பும் பாசிமணியும் கொடுத்துப் பழகச் சொன்னாள். இது சின்னப் பிள்ளைங்க விளையாட்டு என்று இவர் போவதையே நிறுத்திவிட்டார். அவள் என்னைப் போனில் கூப்பிட்டு, வேலை கொடுக்காத கை வேலையை மறந்துவிடும், இந்தச் சில மாதங்களைக் கோட்டை விட்டுவிடாதீர்கள் என்றாள். சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். அசையவில்லை.

பெட்டியை இருந்த இடத்திலேயே வைக்கச் சொல்லித் தம்பியை அனுப்பினேன்.

மார்ச் 6, வெள்ளி

துணி துவைத்தேன். மெஷின் சத்தமே இல்லாமல் ஓடுகிறது. முன்பெல்லாம் இவர் சட்டைப் பையில் நட்டும் வாஷரும் கிடந்து உள்ளே கடகடவென்று உருளும். கழற்றுகிற எதையும் பையில் போட்டுக்கொள்ளும் புத்தி. எத்தனை தடவை திட்டியிருப்பேன். இப்போது பையைத் தடவிப் பார்க்கிற வேலைகூட எனக்கு இல்லை.

இந்தச் சத்தத்துக்கா ஏங்குவேன் நான்?

மார்ச் 8, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சோம்பேறிக்குச் சூப்பர்சார்ஜர் வைக்கலாம் என்று.

இது இவருடைய பழைய ஆசை. இன்ஜின் தானாக இழுக்கும் காற்று போதாதென்று, பெல்ட்டில் ஓடும் ஒரு யந்திரத்தை வைத்துக் காற்றைத் திணிப்பது. காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், இழுவையும் கூடும். வருஷக்கணக்காக நச்சரித்தார். நாற்று விற்கிறவளுக்கு எதற்கு ரேஸ் வண்டி என்று நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இன்று நானே கேட்கவும், பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாவம் பாத்துப் பண்றியா?"

"நூறு தொட்டியப் பாத்துப் பண்றேன்."

பொய் இல்லை. பாதி நிஜம்.

வேலையைத் தன் பழைய பட்டறையில் கொடுக்கலாம் என்றார். அதெல்லாம் முடியாது, நம் ஷெட்டில்தான், நீங்கள் சொல்லுங்கள் நான் செய்கிறேன் என்றேன். "முதலாளியம்மா ஸ்பேனர் பிடிக்கப் போறாங்களாம்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ஆனால் சிரித்தார்.

மார்ச் 11, புதன்

எதை வாங்குவது என்பதில் தகராறு. இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று சுழல் வகை: நத்தை ஓடு மாதிரி இருக்கும், இன்ஜினின் பக்கவாட்டில் தொங்கும். மாட்டுவது சுலபம், மேல் பாகத்தைக் கழற்ற வேண்டாம். மற்றது திருகு வகை: உள்ளே இரண்டு திருகுகள் பின்னிக்கொண்டு சுற்றும். இன்ஜினின் மேல் பாகத்தையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை உட்கார வைக்க வேண்டும். பெரிய வேலை.

இவர் சுழல் வகை போதும் என்றார். நானும் சரி என்று சொல்லியிருப்பேன். ஆனால் மத்தியானம் நாற்றங்காலில் உட்கார்ந்து இரண்டைப் பற்றியும் படித்தேன். சுழல் வகைக்கு இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் பலம் வரும். நாங்களோ சுமையோடு மெதுவாக ஏறுகிறவர்கள். கீழ் வேகத்திலேயே தள்ளிவிடுவது திருகு வகைதான். எனக்கே புரிகிறது, இவருக்குத் தெரியாதா?

தெரியும். கைக்குப் பயந்து சின்ன வேலையைக் கேட்கிறார். இவர் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் டீ கொடுக்கும்போது கேட்டேன், வேற யாராவது ஒருத்தர் மலை ஏறுற வண்டின்னு சொல்லி வந்திருந்தா எதை வைப்பீங்க என்று. டீ ஆறிப்போனது.

"திருகுதான்," என்றார்.

மார்ச் 12, வியாழன்

திருகு. ஆர்டர் போட்டாயிற்று.

மார்ச் 21, சனி

சூப்பர்சார்ஜர் வந்து சேர்வதற்குள், அதை இன்ஜின் தாங்குமா என்று பார்க்க வேண்டுமாம். ஒவ்வொரு சிலிண்டரிலும் மீட்டர் வைத்து அழுத்தம் பார்த்தோம். நான் சாவியைத் திருப்ப, இவர் மீட்டரைப் படித்தார். ஆறு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு. "வயசாச்சே தவிர நெஞ்சுல தெம்பு இருக்கு," என்று பானெட்டைத் தட்டினார். இடது கையால்தான். ஆனாலும் தட்டினார்.

இனிமேல் வண்டிக்கு உயர்ந்த ரகப் பெட்ரோல்தான் போட வேண்டுமாம். சோம்பேறிக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

ஏப்ரல் 4, சனி

சூப்பர்சார்ஜர் வந்துவிட்டது. காலையிலிருந்து ஷெட்டில்தான். பேட்டரி, தண்ணீர், பெட்ரோல் குழாய், ஒயர்கள், கடைசியில் மேல் பாகம் என்று வரிசையாகக் கழற்றினோம். எல்லாம் என் கை, இவர் வாய். "அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்று இன்று எத்தனை தடவை கேட்டேனோ. எந்தப் பக்கம் என்று கையைக் காட்டினால்தானே தெரியும்? ஒரு தடவை வலது கை தானாகக் கொஞ்சம் எழுந்தது. நான் பார்த்ததைப் பார்த்ததும் கீழே போட்டுவிட்டார்.

மேல் பாகத்தை எடுத்ததும் ஆறு துளைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. காற்று உள்ளே போகும் வழி. அதில் ஒரு சின்ன வாஷர் விழுந்தாலும் இன்ஜின் காலி. என் பழைய மஞ்சள் பூப் போட்ட நைட்டியை ஆறாகக் கிழித்து, துளைக்கு ஒன்றாக அடைத்தேன். "இந்த நைட்டியில நீ நல்லா இருப்பே," என்றார் இவர். கிழித்த பிறகு சொல்கிறார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தலையில் இடி.

காலையில் தம்பி வந்தான். சூப்பர்சார்ஜர் ஆள் தூக்குகிற கனம் இல்லை, அவன் கொண்டுவந்த சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டோம். இறக்குவதற்கு முன்னால் துணிகளை எடுக்க வேண்டும். இவர் இடது கையில் டார்ச்சைப் பிடித்துக் குனிந்திருந்தார். நான் ஒவ்வொன்றாக உருவி வாளியில் போட்டேன். நடுவில் உர லாரிக்காரர் வாசலில் ஹாரன் அடிக்க, போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இவர் அதே இடத்தில், அதே டார்ச்சோடு குனிந்திருந்தார். "காலியாயிருச்சு, இறக்கு," என்றார். இறக்கினோம். நடுவிலிருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக, இவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினேன். பெல்ட் மாட்டினேன். குழாய்களைச் சேர்த்தேன். சாயங்காலம் வாளியைக் கொட்டினால் துணி ஐந்துதான் இருக்கிறது.

ஷெட் முழுக்கத் தேடினோம். வண்டிக்கு அடியில் தம்பி படுத்தே தேடினான். இல்லை. அப்படியென்றால் உள்ளேதான். ஸ்டார்ட் செய்திருந்தால் வால்வு துணியைக் கடித்திருக்கும்.

இவர் டார்ச்சை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 6, திங்கள்

ஒருவேளை நான் ஐந்துதான் கிழித்தேனோ என்னவோ என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே வாய் கூசியது.

"நீ கணக்குல தப்பு பண்ற ஆள் இல்ல," என்றார். "காலியா இருக்குன்னு நான்தான் சொன்னேன். பாத்தேன்னுதான் நெனச்சேன். கைதான் போச்சுன்னு இருந்தேன். கண்ணும் சேந்து போயிருக்கு." அப்புறம், "டூல்ஸ் பெட்டிய மாப்ள எடுத்துக்கட்டும்."

நான் நாற்றங்காலுக்குப் போய் அழுதேன். இதைத் தொடங்கியது நான். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று இருந்த கொஞ்சநஞ்ச தைரியத்தையும் பிடுங்கிவிட்டேனா?

ஏப்ரல் 8, புதன்

பட்டன் போடும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்.

ஏப்ரல் 11, சனி

தம்பியைக் கூப்பிட்டு மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினோம். இவர் ஷெட் பக்கம் வரவே மாட்டேன் என்றார். எனக்கு எந்தப் போல்ட் எங்கே என்று தெரியவில்லை என்று வேண்டுமென்றே தப்புத் தப்பாகக் கத்திக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் வந்துவிட்டார்.

ஆறு துளையிலும் டார்ச் அடித்துப் பார்த்தோம். அடியில் வால்வு பளபளவென்று தெரிகிறது. துணியும் இல்லை, நூலும் இல்லை.

"மாமா சொன்னது சரிதானேக்கா, காலியாத்தான் இருந்திருக்கு," என்றான் தம்பி. "அப்ப துணி எங்கடா?" என்றார் இவர். இடுக்கில் காற்று கசியாமலிருக்கப் புது கேஸ்கெட் வைத்துத் திரும்ப இறக்கினோம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

லேப்டாப்பை வண்டியில் சொருகி, கம்பெனி அனுப்பிய புது அளவுகளை ஏற்றினான் தம்பி. சாவியை இவரிடம் நீட்டினேன். "நீயே போடு," என்றார். போட்டேன். ஒரே சொடுக்கில் எடுத்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பழைய உறுமலுக்கு மேலே மெலிதாக ஒரு ரீங்காரம். தம்பி குதித்தான். இவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அழுக்குச் சட்டையைக் கழற்றச் சொல்லி என்னிடம் வந்து நின்றார். ஷெட்டுக்கென்றே வைத்திருக்கும் சட்டை அது. ஒரு வாரமாகத் துவைக்கவே இல்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் இவர் முகத்தில் அந்தத் துணி இன்னும் இருக்கிறது.

ஏப்ரல் 13, திங்கள்

இதை உடனே எழுதி வைக்க வேண்டும்.

துவைத்த துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். ஷெட் சட்டையை உதறினால் பை கனக்கிறது. உள்ளே விட்டுப் பார்த்தால் மஞ்சள் பூ. என் நைட்டி. ஆறாவது துணி.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஊரைக் கூட்டித் தேடிய துணி இவர் நெஞ்சுக்கு மேலேயே இருந்திருக்கிறது. அப்புறம் ஈரச் சட்டையோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு இவர் இடது கையில் டார்ச் இருந்தது. நான் போகும்போதும் இருந்தது, வரும்போதும் இருந்தது. இந்தத் துணியைத் துளையிலிருந்து கிள்ளி எடுத்தது எந்தக் கை? பையில் செருகியது எந்தக் கை?

உள்ளே ஓடினேன். துணியை மேஜையில் வைத்தேன். சட்டைப் பையில இருந்துது என்றேன். "சே," என்று தலையில் அடித்துக்கொண்டார், "இதுக்கா ரெண்டாவது தடவ கழட்டுனோம்?" நான் நகரவே இல்லை.

"டார்ச் எந்தக் கையில இருந்துது?"

யோசித்தார். இடது கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக வலது கையைப் பார்த்தார். யாரோ வீட்டுக்கு வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி.

துணியை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. மறுபடியும் பார்த்தார், விரலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனது. "பாத்தா வரமாட்டேங்குது," என்றார். அப்போது இவர் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகம் சிரித்தது. "என்னை மாதிரியே பிடிவாதம் பிடிச்ச கை."

கொஞ்ச நேரம் கழித்து, இலையில் புழு விழுந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் கேட்டார்: "அந்தக் கிளிப்பு குடுக்குற பொண்ணு, என்னைக்கு வரச் சொன்னா?"

ஏப்ரல் 16, வியாழன்

அந்தப் பெண்ணிடம் போய் வந்தோம். துணிக் கதையைக் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். கையைப் பார்க்காமல் வேலையைப் பார்க்கச் சொன்னாள். கிளிப்புக்குப் பதில் நட்டும் போல்ட்டும் கொண்டுவரலாமா என்று இவர் கேட்டார். தாராளமாக என்றாள். டூல்ஸ் பெட்டி கூடத்துக்கு வந்துவிட்டது. கூட்டிப் பெருக்க இடம் இல்லை.

ஏப்ரல் 25, சனி

நூறு தொட்டியோடு மலை ஏறினோம். மூன்றாவது வளைவில் பழக்க தோஷத்தில் நான் சீட் நுனிக்கு வந்து ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். சோம்பேறி பாட்டுக்கு ரீங்காரம் போட்டுக்கொண்டு ஏறியது. முன்னால் ஒரு சைக்கிள்காரர். அதே ஆளா என்று தெரியாது. முந்தும்போது கையை ஆட்டிவைத்தேன்.

பக்கத்தில் இவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். காலையில் எனக்கு முன்பே எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, வண்டியில் போய் உட்கார்ந்திருந்தார். நான் கிளம்புகிற அவசரத்தில் கவனிக்கவில்லை. பாதி மலையில்தான் பார்த்தேன். பட்டன்கள் எல்லாம் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கின்றன. காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கீழே ஒரு பட்டன் மிச்சம்.

ஹோட்டல்காரர் அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்கிற மாதிரி. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். சாயங்காலம் வீடு வரும்வரை அப்படியேதான் இருந்தது.