நாற்பத்தைந்து யூனிட்

அன்பு மகளே வாலு,

நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், இங்கே நானும் உன் அப்பாவும் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம். முதலில் ஒரு மானக்கேடான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ வாங்கித் தந்த ஏசியை மாட்டியதிலிருந்து ஞாயிறுதோறும் போனில் அப்பா ஏசி போடுகிறாரா என்று கேட்பாய், நானும் வீடே ஜில்லென்று இருக்கிறது என்பேன், ஒரு தடவை நீ சந்தேகப்பட்டபோது போனை டேபிள் ஃபேனுக்குப் பக்கத்தில் பிடித்து இந்தா சத்தத்தைக் கேளு என்றேன். அத்தனையும் பொய். இரண்டு மாதம் அது உறையைப் போர்த்திக்கொண்டு சுவரில் சும்மா இருந்தது, உன் அப்பா ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார்.

போன கோடையில் அவர் தலை சுற்றி வாசற்படியில் விழுந்து நெற்றியில் மூன்று தையல் போட்டதும், இவரை மத்தியானப் புழுக்கத்தில் வைக்காதீங்க, இன்னொரு தடவை விழுந்தால் தையலோடு போகாது என்று டாக்டர் சொன்னதும் உனக்குத் தெரியும். ஆனால் முப்பது வருஷம் பஸ் டிப்போவில் நேரம் குறித்த மனுஷன், எதையும் பெருக்கிப் பார்க்காமல் விடமாட்டார். கடைக்காரர் மணிக்கு ஒன்றரை யூனிட் இழுக்கும் என்று சொல்லித் தொலைத்தார், இவர் அதை இருபத்துநாலால் பெருக்கி, முப்பதால் பெருக்கி, ஆயிரத்து எண்பது என்று காலண்டரில் எழுதி, வீட்டை வித்துத்தான் பில் கட்டணும் என்றார். ராத்திரி பகலா யாருங்க போடப் போறா, மத்தியானம் நாலு மணி நேரம்தானே என்றால் காதில் விழாது. பன்னிரண்டு அடித்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது, அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பேன், கண்ணை மூடியிருந்தால் இருமுவேன், என்னடி, இன்னும் உயிரோடதான் இருக்கேன் என்பார், அதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும்.

கடைசியில் மாடியில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியன்தான் வழி சொன்னார், வீட்டில் எல்லாத்தையும் அணைச்சிட்டு ஏசியை மட்டும் ஓடவிட்டு மீட்டரைப் பாருங்க என்று. மறுநாள் ஃபிரிட்ஜ், மோட்டார், வாட்டர் ஹீட்டர், டிவி, போன் சார்ஜர் வரைக்கும் நானே ஓடி ஓடி அணைத்தேன். வெயிலில் நிற்கக்கூடாது என்று வாங்கிய ஏசியை அளக்க உன் அப்பா வாசல் மீட்டர் முன்னால் உச்சி வெயிலில் நின்றார், நான் குடை பிடித்தேன், உள்ளே ஏசி காலி அறைக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அக்கா என்ன, மீட்டருக்குக் கல்யாணமா என்று கேட்டுவிட்டுப் போனார். முதல் மணியில் ஒன்று புள்ளி நான்கு யூனிட், அடுத்த மணியில் அதில் பாதி. அறை குளிர்ந்துட்டா மிஷின் விட்டு விட்டுத்தான் இழுக்கும் என்றார் எலக்ட்ரீஷியன், அப்போ நேரா ரெண்டாவது மணியிலேர்ந்து ஆரம்பிக்க முடியாதா என்று உன் அப்பா கேட்டார், விளையாட்டுக்கு இல்லை. நாலு மணி நேரத்துக்கு மூன்றரை, மாதத்துக்கு நூற்றைந்து என்று கணக்கு வந்தது. ஒரு மாசம் பார்ப்பேன், வீட்டில் மத்ததெல்லாம் வழக்கம்போல ஓடணும், நூற்றைந்துக்கு மேல ஒரு யூனிட் ஏறினாலும் கழட்டி உன் பொண்ணுக்கே பார்சல் பண்ணிடுவேன் என்றார்.

அந்த மாதம் அவர் ஏசியில் குறட்டை விட்டார், நான் அடுப்படிக்கும் மீட்டருக்குமாக அலைந்தேன், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, சும்மா அதை முறைத்துவிட்டு வருவேன். இதற்கு நடுவில் வாட்டர் ஹீட்டர் வேறு கெட்டுப்போனது, ஆளைக் கூப்பிடவா என்றால் முதல்ல இந்தச் செலவு முடியட்டும் என்று பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, உடம்பு சுறுசுறுப்பா இருக்கு என்று என்னிடமே பெருமை பேசுகிறார். நேற்று பில் வந்தது. போன மாதத்தைவிட நாற்பத்தைந்து யூனிட்தான் கூட. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை படித்தார், ஏசி உறையைத் துவைத்துப் பரணில் போடச் சொன்னார், எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மிஷின் ரொம்பச் சாது என்றார், இனிமேல் அஞ்சு மணி வரைக்கும் ஓடட்டும் என்று என்னிடம் தாராளமாகச் சொன்னார். ஆக, இனி நீ போனில் கேட்டால் நான் சொல்வது நிஜம்.

நீயும் அங்கே குளிரோ வெயிலோ, உடம்பைப் பார்த்துக்கொள், செலவைப் பெருக்கிப் பார்க்கும் புத்தி மட்டும் அப்பாவிடமிருந்து உனக்கு வராமல் நூறு வருஷம் நிறைவாக இரு. கடிதம் கிடைத்தது என்று மட்டும் சொல், உள்ளே இருப்பதைப் போனில் பேசாதே, அவர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
குடை பிடித்த உன் அம்மா

பி.கு.: இன்று காலை குளியலறையைக் கழுவும்போதுதான் பார்த்தேன். ஹீட்டர் கெடவில்லை. மீட்டர் பார்த்த அன்று நான் அணைத்த சுவிட்ச், கதவுக்குப் பின்னால், துண்டு மாட்டும் ஆணிக்குக் கீழே, அணைத்தபடியேதான் இருக்கிறது. நூற்றைந்து எப்படி நாற்பத்தைந்தானது என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.