மழைத்தண்ணிப் பருப்பும் ஆறு நாட்டு அணுவும்

ஹம், ஜேர்மனி, 5.5.86 திங்கள்

மழை விட்டுட்டுது. குளிர்.

இந்த ஊர்க் குழாய்த் தண்ணியிலை பருப்பு அவியாது. அதுக்குத்தான் போன கிழமை பல்கனியிலை பானை வைச்சு மழைத்தண்ணி பிடிச்சனான். பஞ்சு மாதிரி அவிஞ்சுது. பேத்தி வாணி என்ரை கையாலை திரும்பவும் கேட்டு வாங்கித் திண்டவள்.

இண்டைக்கு மருமகள் மலர் மிச்சத் தண்ணியைக் கக்கூசுக்கை ஊத்தினாள். ரஷ்யாவிலை வெடிச்ச அணு உலையின்ரை நஞ்சு மழையோடை இறங்கினதாம். கீழ்வீட்டு ஜேர்மன்காரி சொன்னவவாம்.

"மாமி, பிள்ளைக்கு இனி நான் சோறு தீத்திறன்."

இவளின்ரை தாய் கலியாணப் பந்தியிலை என்ரை பாயாசம் தண்ணி எண்டவ. அதே குரல்.

6.5 செவ்வாய்

வாங்க: பால்மா (உலை வெடிக்க முந்தின பழசு), டின் மீன், வெங்காயம். கீரை வேண்டாம்.

ஆர் இந்த உலையளைக் கட்டச் சொன்னது எண்டு மகனைக் கேட்டன். ஊரிலை சரித்திரம் படிப்பிச்சவன், இஞ்சை ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவுறான். உசாராகிட்டான்.

"அம்மா, பெரிய சண்டை முடிஞ்சு பன்னிரண்டாம் வருஷம் ஆறு நாடு ரோமிலை கையெழுத்து வைச்சது. ஜேர்மன், பிரான்ஸ், இத்தாலி, மற்றது மூண்டு சின்னன். நிலக்கரி காணாது, எண்ணெய்க் கப்பலும் கால்வாயிலை மறிபட்டுது. அணுவிலை கரண்ட் எடுக்கச் சேந்து படிப்பம் எண்டவை. ஒருத்தன் ஒளிச்சுக் குண்டு செய்யாமல் மற்றவன் பாக்கவும்தான்."

"ரஷ்யன் அதிலை இல்லையோ?"

"இல்லை."

"அப்ப உந்த ஆறு பேரின்ரை உலை வெடிக்காதோ?"

"வேலைக்கு நேரமாச்சு" எண்டு சப்பாத்தைப் போட்டான்.

வெட்டிக் கொத்தினவங்களே சேந்திட்டாங்கள். எங்கடை நாட்டிலைதான் ஏலாமல் போச்சு.

8.5 வியாழன்

பிரான்சிலை, பரிசிலை இருந்து தங்கச்சி மகள் போன்.

"பெரியம்மா, இஞ்சை ஒண்டுமில்லையாம். கீரையும் தின்னலாமாம்."

நஞ்சு முகில் எல்லையிலை விசா இல்லாமல் நிண்டிட்டுதாக்கும், எங்களைப் போலை. சேந்து அணு அடுப்பு மூட்டத் தெரிஞ்சவங்களுக்குச் சேந்து ஒரு பதில் சொல்லத் தெரியேல்லை. பரிசிலை திண்டால் சாப்பாடு, ஹம்மிலை திண்டால் நஞ்சு. அங்கை இருந்திருந்தால் நான் நல்ல மாமி.

இதை மலருக்குக் கேக்கத்தான் உரத்துச் சொன்னன். அவள் பிள்ளையின்ரை சாப்பாட்டுத் தட்டை என்னட்டைத் தரேல்லை.

12.5 திங்கள்

வெயில். பிள்ளையை டொக்டரிட்டைக் கொண்டு போனவை. இப்ப சுகமாத்தான் இருக்கிறாளாம். பிறகு ஏதும் செய்யுமோ எண்டு வருஷக்கணக்கு போனால்தான் தெரியுமாம்.

"எத்தினை வருஷம்?"

"இருவது, முப்பது எண்டுறார், அம்மா."

எனக்கு அறுபத்தொன்பது. என்னிலை பிழையில்லை எண்டு தெரிய வரேக்கை நான் சாம்பல். மலருக்கும் அது விளங்கியிருக்கும்.

பின்னேரம் வாணி வாயைத் திறந்துகொண்டு என்னட்டை வந்தவள். கையை முதுகுக்குப் பின்னாலை கட்டிக்கொண்டு இருந்தன்.