அரண்மனைக்குள் அரண்மனை

குவாத்தமாலா,
2 மார்ச் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போன புண்ணியத்துக்கு, எழுத்துப்பிழைகளோடு ஒரு கடிதம். காட்டுக்குள் சிக்னல் இல்லை. ஜீப் பட்டணம் போகும்போது இதைப் படமெடுத்து உங்கள் போனுக்கு அனுப்புவார்கள், உங்கள் பதிலையும் அச்செடுத்துக் கொண்டுவருவார்கள்.

பேராசிரியரோடு சேர்ந்து பழைய மாயா இன அரசர்களின் அரண்மனை ஒன்றைத் தோண்டுகிறோம். படிக்கட்டில் கைகட்டிய கைதிகளைச் செதுக்கியிருக்கிறார்கள், அரசன் மிதித்து ஏறுவதற்கு. அவரவர் பெயர் அவரவர் தொடையில். அதைவிடப் புதினம், இதற்குள் இன்னோர் அரண்மனை! பழையதைக் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பி, அதன்மேலேயே புதியதைக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே சிவப்புச் சாயம்கூட அழியவில்லையாம். சுரங்கம் வெட்டுகிறோம். நானும் தவழ்ந்து போவேன்.

உங்கள் செரீனா

வோபர்ன், ரொறன்ரோ,
5 மார்ச்

அன்பு மகளுக்கு,

மாதா உன்னைக் காக்கட்டும். ‘சுரங்கம்’ என்ற சொல்லுக்குமேல் வாசிக்க முடியாமல் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். மேலே எதை வைத்துத் தாங்குகிறார்கள்? மண் சொரிகிறதா? வெளியில் நின்று எவ்வளவும் படமெடு. உள்ளே மட்டும் போகாதே, பிள்ளை.

அடுப்பில் கறி எரிந்துபோனது. “உமக்கென்ன விசரே?” என்று அப்பா பேசினார். பிறகு அவரும் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்காதே.

அம்மா அன்ரனெற்

குவாத்தமாலா,
9 மார்ச்

அம்மா,

ஏன் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். வீட்டு பேஸ்மன்றுக்கே உடுப்புத் தோய்க்க இறங்காத ஆள் நீங்கள். உங்கள் பயத்தை என் தலையில் கட்டாதீர்கள்.

ஒரு வேடிக்கை சொல்லவா? உள் அரண்மனை அரசனுக்கும் வெளி அரண்மனை அரசனுக்கும் ஒரே பெயர். செத்தவரின் பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள். யார் எவர் என்று பேராசிரியருக்கே குழப்பம். வெள்ளிக்கிழமை உள்ளே போகிறேன்.

செரீனா

வோபர்ன்,
11 மார்ச்

மகள்,

அது வேடிக்கை இல்லை.

உனக்கு முதல் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். குண்டு போடப் பொம்பர் வந்த அன்று, வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் அவளோடு பதுங்கி இருந்தேன். மேலே பனங்குற்றியும் மண்மூட்டையும். முதலில் மண் மெல்லச் சொரிந்தது. பிறகு எல்லாம் இறங்கிவிட்டது. அப்பாவும் அயலட்டைச் சனமும் கையால் தோண்டி என்னை எடுத்தார்கள். அவளை எடுக்கும்போது மூச்சில்லை. மூன்று வயது.

ஒரு படமும் மிஞ்சவில்லை. பெயர் மட்டும்தான் மிஞ்சியது. அதை உனக்கு வைத்தோம். கூப்பிட்டால் நீ “என்னம்மா” என்று வருவாய். அதில்தான் எனக்குச் சீவன் இருக்கிறது. அந்தப் பெயரை இன்னொருதரம் மண்ணுக்குள் விட என்னால் முடியாது.

அம்மா

குவாத்தமாலா,
14 மார்ச்

அன்புள்ள அம்மா,

சுரங்க வாசலில் ஹெல்மெற்றோடு நிற்கும்போது ஜீப் சாரதி உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். மற்றவர்கள் போனார்கள். நான் போகவில்லை. வாசலில் கொஞ்சம் மண் சொரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை, எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். நான் மட்டும் ஹெல்மெற்றைக் கழற்றாமலே இதை எழுதுகிறேன். இப்படி நான் பயந்ததே இல்லை.

அடுத்த கிழமை வருகிறேன். கோபமில்லை, அம்மா. ஒன்றை மட்டும் சொல்லுங்கள். இவ்வளவு காலமும் நீங்கள் கூப்பிட்டபோது வரவேண்டியவள் நானா, அவளா?

உங்கள்
சின்னச் செரீனா