பினாங்கு வீட்டுக்கு என் கையெழுத்து

1934 ஆவணி 9

மகளின் அப்பா பினாங்கிலிருந்து எழுதியிருக்கிறார். அங்கே ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடப்போகிறாராம். விலை முழுவதற்கும் அங்கே கடன் கிடைக்காதாம். என் சீதன வீட்டை ஈடு வைத்து மீதிப் பணத்தை அனுப்ப வேண்டுமாம். நாளை மகளுக்குப் போகவேண்டிய வீடு. ஊருக்கு எப்போது வருவார் என்று ஒரு வரிகூட இல்லை. போய் ஐந்து வருடம்.

மட்டக்களப்பிலிருந்து ஈட்டுப் பத்திரம் எழுத நொத்தாரிசு ஐயா தோணியில் வந்தார்.

“அவரும் நேர வந்து கையெழுத்து வைக்கோணுமெண்டு அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்க ஐயா” என்றேன்.

“அது தேவையில்லையே புள்ள. வீடு ஒங்கட பேரிலதானே?”

“ஓம். தன்ட கையெழுத்து தேவையில்லையெண்டு அவருக்குத் தெரியாது.”

ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார்.

அவர் வந்தால் அன்றைக்கே கையெழுத்து வைத்துவிடுவேன்.

இல்லை. ஒரு கிழமையாவது இழுத்தடிப்பேன்.