பொடிசின் மூச்சு

மார்ச் 3

என்னங்க,

நலமா? கப்பலில் இப்போதாவது தூங்க விடுகிறார்களா? நான் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே கண்ணயர்கிறேன். நம் பொடிசு இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான். குறைமாதம் என்பது போதாதென்று, வயிற்றிலேயே வளர்ச்சியும் குன்றிவிட்டதாம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "நஞ்சுக்கொடி வழியா ரத்தம் சரியா போகலம்மா. அதான் நுரையீரல்ல காத்துப் பைகளும் கம்மி, ரத்தக் குழாயும் கம்மி. இருக்கிற குழாயும் இறுகிக் கிடக்கு. இதயம் முக்கி முக்கித் தள்ளுது." அழக்கூட அசதியாக இருக்கிறது. ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள் அம்மு

மார்ச் 19

அன்புள்ள அம்முவுக்கு,

எஞ்சின் அறைச் சூட்டில் மண்டை காய்கிறது. அம்மாவிடம் பேசினேன். "மாசமா இருக்கும்போது அவ தையல் மிஷினை விட்டு எழுந்தாளா?" என்கிறாள். நானும்தான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். சரி, போனது போகட்டும். வேளைக்குச் சாப்பிடு. பொடிசுக்கு என் முத்தம்.

உன் வீட்டுக்காரன்

ஏப்ரல் 8

என்னங்க,

டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். "மிஷின் மிதிச்சதாலயா டாக்டர்?"

"யாரு சொன்னது? நஞ்சுக்கொடி சரியா வேலை செய்யலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்றார். அப்போதுதான் அழுகை வந்தது.

செயற்கை மூச்சுக் கருவியை எடுத்துவிட்டார்கள். மூக்கில் சின்னக் குழாய் மட்டும். நுரையீரல் பிறந்த பிறகும் வளருமாம்; உடம்பு தேறத் தேற அதுவும் தேறுமாம். ஆக்சிஜன் சிலிண்டரோடு வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். அத்தைதான், "அதெல்லாம் வீட்டுக்குள்ள வேணாம்மா, வெடிச்சுத் தொலைச்சா?" என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார். சொல்வீர்களா?

அம்மு

ஏப்ரல் 27

அம்மு,

அம்மாவுக்கு வயசாகிவிட்டது, பயப்படுகிறாள். முழுசாகக் குணமாகும்வரை ஆஸ்பத்திரியிலேயே இருங்களேன். நான் வந்ததும் பேசிக்கொள்ளலாம்.

உன் வீட்டுக்காரன்

மே 20

என்னங்க,

என் அக்கா வீட்டு மாடியறைக்கு வந்துவிட்டோம். அக்கா வீட்டுக்காரர்தான் சிலிண்டரைத் தோளில் சுமந்து ஏற்றினார். பால் குடிக்கும்போது பொடிசுக்கு இப்போது உதடு நீலம் பாரிப்பதில்லை. நேற்று வாய் நிறையக் கொட்டாவி விட்டது. பார்த்து எனக்கும் வந்தது.

எனக்குக் கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. ஆனால் மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையை ஏந்திக்கொண்டு, உங்கள் வீட்டு வாசலில் அனுமதி கேட்டு நிற்க என்னால் முடியாது. கப்பல் கரை சேர்ந்ததும் இங்கே வாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மகளைத் தூக்கிக்கொள்ளலாம். என்னைக் கூட்டிப்போக மட்டும் வர வேண்டாம்.

பொடிசின் அம்மா